அந்தோணியாருக்கு எழுதிய சீட்டு

செவ்வாய்க்கிழமை காலையில் சரசுவின் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. மேசை முழுக்க மன்றாட்டுச் சீட்டுகள்.

கோவில் வாசலில் அந்தோணியார் சிலை இருக்கும் கெபிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி உண்டு. வாரம் முழுக்க ஜனங்கள் வேண்டுதல்களை எழுதி அதில் போடுவார்கள். திங்கள் மாலை பெட்டியைத் திறந்து, சீட்டுகளைத் துணிப்பையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து வைப்பது சரசுவின் வேலை. பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். பரீட்சை ஒரு கட்டு, கல்யாணம் ஒரு கட்டு. நோய், வேலை, விசா, குடி என்று மற்றவை. செவ்வாய் மாலை நவநாள் ஜெபக் கூட்டத்தில் ஃபாதர் யார் பெயரையும் சொல்லாமல், "தேர்வு எழுதும் முப்பது பிள்ளைகளுக்காக" என்று ஜெபிப்பார். பிறகு எல்லாச் சீட்டையும் மண்சட்டியில் போட்டு எரித்துவிடுவார்கள்.

மகள் ஜாஸ்மின் குளித்துவிட்டு வந்தபோது, அம்மா ஒரு சீட்டை எந்தக் கட்டிலும் வைக்காமல் நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகுவதைப் பார்த்தாள்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல. கிழிஞ்ச சீட்டு."

சரசுவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் கை உடனே வேறு வேலை தேடும். இப்போது அந்தக் கை, ஏற்கெனவே கட்டி வைத்த பரீட்சைக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் நானூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாளே ஜாஸ்மின், அந்தப் பயம் அவளுக்கு இன்னும் முழுசாக விடவில்லை. நாலு பேர் சேர்ந்தால் ஓரமாக ஒதுங்குகிற பெண். அவளைத்தான் ஃபாதர் சிறார் பாதுகாப்புக் குழுவில் போட்டார். குழுவில் ஃபாதர், ஜாஸ்மின், இந்தக் கோவில் பங்கைச் சேராத ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பதற்காகக் கீழ்க்கட்டளையிலிருந்து வந்த ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் சந்திரிகா. ஆக மூன்று பேர். பிஷப்பின் மறைமாவட்டத்திலிருந்து வந்த விதிகளை ஜாஸ்மின்தான் வாசித்தாள். பிள்ளைகளோடு பெரியவர் யாரும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் நாமே விசாரிக்கக் கூடாது, உடனே தெரிவிக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். அவள் அப்பா யேசுதாசன், பங்குப் பேரவைத் துணைத் தலைவர், எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"அம்மா, குடுங்க."

"மன்றாட்டைப் படிச்சா வெளிய சொல்லக் கூடாதுடி. நான் அந்தோணியாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனம் மாதிரி இது."

"நீங்க ஃபாதர் இல்லம்மா. இது பாவசங்கீர்த்தனமும் இல்ல. குடுங்க."

சரசு கொடுத்தாள். கொடுத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நோட்டிலிருந்து கிழித்த நாலுகோட்டுத் தாள். எழுத்து ஒவ்வொன்றும் கோட்டைத் தொட்டு நின்றது.

'அந்தோணியாரே, பாட்டு பிராக்டிஸ் முடிஞ்சதும் அண்ணா என்னை மட்டும் இருக்கச் சொல்றாங்க. கதவை சாத்துறாங்க. எனக்குப் பிடிக்கல. வீட்ல சொன்னா உங்க அம்மா அழுவாங்கன்னு சொல்றாங்க. அதனால உங்ககிட்ட சொல்றேன். அண்ணாவை வேற ஊருக்கு மாத்திடுங்க. என் மேத்ஸ் மார்க்கும் பாத்துக்கோங்க. ஆமென்.'

பெயர் இல்லை.

ஜாஸ்மின் அதை இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறை 'பாட்டு பிராக்டிஸ்' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. பிள்ளைகளின் பாட்டுக் குழுவில் சொல்லிக்கொடுக்கும் அண்ணாக்கள் நாலு பேர். அவர்களில் ஒருவன் கீபோர்டு வாசிப்பவன். ஆல்வின். அவள் தம்பி.

இப்போது அவன் பாத்ரூமில் பாடிக்கொண்டிருந்தான்.

"நாலு பேர் இருக்காங்கம்மா," என்றாள் ஜாஸ்மின், அம்மா எதுவும் கேட்காமலே.

"நாலு பேர்ல ஒருத்தனுக்குத்தான் வர்ற ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கப் போறாங்க," என்றாள் சரசு.

பொழிச்சலூர் தீபாவுக்கும் ஆல்வினுக்கும் கல்யாணம் நிச்சயமாகி ஒரு மாதம். முதல் ஓலை இந்த ஞாயிறு. 'இவர்கள் மணம் முடிக்கத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்' என்று பலிபீடத்திலிருந்து மூன்று வாரம் கேட்பார்கள். யாரும் எதுவும் சொன்னதாக இந்தப் பங்கில் சரித்திரம் இல்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். யேசுதாசன் வாக்கிங் முடித்து வந்தார். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். மகள் கையிலிருந்த தாளை வாங்கினார். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார்.

மேசையைப் பார்த்தார். நோய் என்ற கட்டின் நடுவில் அந்தத் தாளைச் செருகினார்.

"அப்பா."

"சாயங்காலம் எல்லாம் சாமிக்குப் போயிடும். அவர் பாத்துக்குவாரு."

"அப்பா, இது புகார்."

"புகார்னா புகார் பெட்டியில போடணும். நானே நின்னு மாட்டினேன் அந்தப் பெட்டியை."

"எவ்வளவு உயரத்துல மாட்டினீங்க?"

பசங்க மிட்டாய்க் காகிதம் போட்டுவிடுவார்கள் என்று தன் தலைக்கும் மேலே ஆணி அடித்தது அவர்தான். கோவில் ஆபீஸ் சுவரில், நோட்டீஸ் போர்டுக்கும் மேலே.

"ஒரு சின்னப் பிள்ளை அங்க எட்டிப் போட முடியாதுப்பா. கெபிப் பெட்டி முட்டி உயரத்துல இருக்கு. எட்டுற இடத்துல போட்டிருக்கு."

"பாப்பா, கேளு." யேசுதாசன் குரலைத் தாழ்த்தினார். பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. "வெள்ளத்தப்போ நம்ம முடிச்சூரே முங்கிக் கிடந்துச்சு. சாதி மதம் பாக்காம அந்தக் கோவில் மாடியிலதான் ஜனங்க ஒன்பது நாள் சாப்பிட்டாங்க. அப்படிச் சம்பாதிச்ச பேரு அது. பேரில்லாத ஒரு துண்டுச் சீட்டை வெச்சுக்கிட்டு... நான் அந்த நாலு பேரையும் தனியாக் கூப்பிட்டுப் பேசறேன். அமைதியா முடிச்சிடலாம்."

"பேசக் கூடாதுன்னு ஞாயித்துக்கிழமை வாசிச்சேன். நீங்க கைதட்டினீங்க."

"அது சட்டம். இது வீடு."

ஜாஸ்மின் நோய்க் கட்டைப் பிரித்தாள். கேன்சர், டயாலிசிஸ், அம்மாவின் முட்டி வலி, அதற்கடுத்து நாலுகோட்டுத் தாள். எடுத்துத் தன் பைக்குள், டிபன் பாக்ஸுக்குப் பின்னால் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"வை ஜாஸ்மின்."

அவள் வைக்கவில்லை. அப்பா சொல்லி ஒன்றை அவள் செய்யாமல் விட்டது இருபத்தேழு வருடத்தில் இதுதான் முதல் தடவை. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"என்ன, காலங்காத்தால பேரவை மீட்டிங்கா?" ஆல்வின் தலை துவட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, தாம்பரம்தானே? வா, டிராப் பண்றேன்."

மறுக்க ஒரு காரணம் தேடினாள். கிடைக்கவில்லை.

முடிச்சூர் சாலையில் வழக்கம்போலத் தண்ணி லாரிகள். பைக்கில் தம்பியின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்திருந்தாள். நெற்றியில் வியர்த்தது. ஒரு வார்த்தை. 'டேய், நீயா?' அவ்வளவுதான். கேட்டால் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். இருபத்து நாலு வருடமாகப் பார்க்கிற முகம்.

கேட்கக் கூடாது.

அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை லேப்பில். ரிசல்ட் வரும் முன்னே சாம்பிளின் நிறத்தைப் பார்த்து யாரும் எதையும் சொல்லக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். ஆனால் எந்தச் சாம்பிளும் இப்படி முன்னால் உட்கார்ந்து அவளோடு பேசியதில்லை.

"அக்கா, நைட்டு எனக்கு ரசம் எடுத்து வெக்கச் சொல்லு அம்மாகிட்ட. இன்னைக்கு லேட்டாகும்."

"ஏன்?"

"நவநாளுக்கு முன்னாடி அஞ்சு மணிக்குப் பசங்க பிராக்டிஸ். ஒரு பாப்பாவுக்குப் பல்லவியே பிடிபடல. முடிஞ்சதும் தனியா உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கணும்."

ஜாஸ்மின் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"யாரு சொல்லிக் குடுக்கணும்?"

"எங்க நாலு பேர்ல யாராவது ஒருத்தர்தான். நானோ, ஜோனத்தானோ." கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "என்னக்கா, முகம் இப்படி இருக்கு? ஞாயித்துக்கிழமை மைக் பயம் இன்னும் போகலையா? செம்மயாப் பேசுனே தெரியுமா. தீபா வீட்லகூட சொன்னாங்க, உங்க அக்கா ஊமைன்னுல்ல நெனச்சோம்னு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

இப்போது மணி ஒன்பதரை. பிராக்டிஸுக்கு ஏழரை மணி நேரம்.

மேற்குத் தாம்பரத்தில் அவளை இறக்கிவிட்டு அவன் போனதும், லேப்புக்குப் போன் செய்து வயிற்றுவலி என்றாள். மின்சார ரயிலில் பல்லாவரம். அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கு ஷேர் ஆட்டோ.

சந்திரிகா கதவைத் திறந்தபோது கையில் கீரைக் கட்டு. ஜாஸ்மினின் முகத்தைப் பார்த்ததும் கீரையை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். சீட்டைப் படித்தார். ஒரு முறைதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மேத்ஸ் மார்க்காம்," என்றார். பிறகு குரல் மாறியது. "யார் யார் தொட்டாங்க இதை?"

"அம்மா. நான். அப்பா."

"எத்தனை மணிக்குப் பாத்தே?"

"எட்டேகால்."

"எழுது. நீ பாத்ததை மட்டும் எழுது. நெனச்சதை எழுதாத."

ஜாஸ்மின் எழுதினாள். சந்திரிகா சீட்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதியும் நேரமும் குறித்தார்.

"சீட்டுல இருக்கிற கையெழுத்து யாரோடதுன்னு தெரியுதா உனக்கு? நீ பசங்களுக்கு வேதபாட கேட்டிக்கிசம் எடுக்கிறவளாச்சே."

"பாத்தா கண்டுபிடிச்சிடலாம் மேடம். பசங்க நோட்டு எல்லாம்..."

"பாக்காத. அது அதிகாரிங்க வேலை. நம்ம போய்த் தேடினா அந்தப் பிள்ளை இன்னொரு தடவை பயந்துக்கும்." பேனாவை மூடினார். "இப்ப ஒண்ணு கேக்கறேன். அந்தப் பாட்டுக் குழுவில உங்க வீட்டு ஆளுங்க யாராச்சும்?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள். ஜாஸ்மின் ஒட்டிய கவரைப் பார்த்தாள்.

"என் தம்பி."

"கல்யாணம்னு சொன்னியே, அந்தத் தம்பியா?"

"ஒரே தம்பிதான் மேடம்."

சந்திரிகா அவள் தோளில் கை வைத்தார். வைத்துவிட்டு உடனே எடுத்தும் கொண்டார்.

"அப்ப இந்த நிமிஷத்திலேர்ந்து இந்தக் கேஸ்ல நீ குழு மெம்பர் இல்ல. தகவல் குடுத்த ஆள், அவ்வளவுதான். இனிமே என்ன நடந்தாலும் நான் உனக்குச் சொல்ல மாட்டேன். நீயும் கேக்கக் கூடாது. உன் தம்பின்னாலும் சரி, உன் தம்பி இல்லைன்னாலும் சரி."

"தெரியும் மேடம். நான்தானே வாசிச்சேன்."

"வாசிக்கிறது வேற." சந்திரிகா போனை எடுத்தார். முதலில் குழந்தைகள் உதவி எண்ணுக்கு. பிறகு போலீஸ். மூன்றாவதாக ஃபாதருக்கு. ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனாலும் நாளைக்குப் பார்க்கலாமா என்று ஃபாதர் கேட்டது ஜாஸ்மினின் காதில் விழுந்தது.

"இல்ல ஃபாதர், நாளைக்கு இல்ல. பிஷப் ஆபீஸுக்கு நீங்க தாராளமாச் சொல்லுங்க, சொல்லித்தான் ஆகணும். ஆனா அவங்க பதிலுக்காக இது நிக்காது. பிள்ளைங்களைப் பாதுகாக்கிற போக்சோ சட்டத்தில அப்படி இடமே கெடையாது... ஆமா, நாலு பேரையும் நிறுத்தணும். ஒருத்தரை மட்டும் நிறுத்தினா அவர்தான்னு முத்திரை குத்தின மாதிரி ஆயிடும். அஞ்சு மணி பிராக்டிஸ் கேன்சல். பாட்டுக் குழுப் பிள்ளைங்களோட வீட்டுக்கெல்லாம் ஒரு மெசேஜ், என் நம்பரோட. இப்பவே." போனை வைத்துவிட்டு, "நல்ல மனுஷன்தான். பயப்படறாரு, அவ்வளவுதான்," என்றார்.

மாலை ஆறு மணிக்குக் கோவில் நிறைந்திருந்தது. நவநாள் கூட்டம். ஜாஸ்மின் கடைசி வரிசைத் தூணோரம் நின்றாள். கீபோர்டின் மேல் துணி போர்த்தியிருந்தது. பாட்டுக்கு யாரும் இல்லாததால் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் கைத்தாளம் போட்டுக்கொண்டு பாடினார். ஜனங்கள் சேர்ந்து பாடுவதைவிட அதிகமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிரசங்க நேரத்தில் ஃபாதர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். பிள்ளைகளின் பாதுகாப்புக் காரணமாக எல்லாப் பயிற்சிகளும் நிறுத்தப்படுகின்றன. விசாரணைக்கு ஆலயம் முழுமையாக ஒத்துழைக்கும். யாரும் யாரையும் ஊகித்துப் பேச வேண்டாம்.

ஊகிக்க வேண்டாம் என்றதும் நாலைந்து தலைகள் யேசுதாசன் பக்கம் திரும்பின. அவர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு நேராக இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது.

மண்சட்டியில் சீட்டுகள் எரிந்தன. சரசுதான் ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கொடுத்தாள். பரீட்சை, கல்யாணம், நோய்.

வெளியே வந்ததும் யேசுதாசன் மகளைக் கடந்து போனார். இரண்டடி போய் நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"தீபா அப்பா போன் பண்ணாரு. ஓலையைக் கொஞ்சம் தள்ளி வெக்கலாமான்னு கேக்கறாரு. காரணம் சொல்லல. சொல்ல வேண்டியதில்ல பாரு."

ஸ்கூட்டரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஜாஸ்மின் நடந்தாள்.

வீட்டில் விளக்கு எரிந்தது. ஆல்வின் ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தான். ஆபீஸ் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அம்மா சமையலறையில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அப்பா மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

"அம்மா பதினோரு மணிக்கே போன் பண்ணாங்க," என்றான் ஆல்வின்.

சம்பந்தப்பட்டவரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பதை அம்மாவிடம் அவள் தனியாக, அழுத்திச் சொல்லவில்லை. ஞாயிறு வாசித்ததே போதும் என்று விட்டுவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"'டேய், நீயாடா'ன்னு கேட்டாங்க. எடுத்த எடுப்புல. பெத்த அம்மா." அவன் குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "நீ பைக்ல வரும்போது பையில அதை வெச்சிருந்தே, இல்ல?"

"ஆமா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அக்கா."

"கேக்கக் கூடாதுடா."

"சட்டத்தை விடு. நீ என்ன நெனச்சே?"

"நான் எதுவும் நெனைக்கல."

"பொய்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"சரி. நெனச்சேன்," என்றாள் ஜாஸ்மின். "தாம்பரம் போய்ச் சேர்ற வரைக்கும் நெனச்சுக்கிட்டேதான் வந்தேன். நீயா இருக்கக் கூடாதுன்னு ஜெபம் பண்ணேன். அப்புறம் அந்தப் பிள்ளையும் இதே மாதிரிதானே ஜெபம் பண்ணியிருக்கும்னு தோணுச்சு. ஜெபத்தோட விட்டுட முடியல."

ஆல்வின் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. காலையாக இருந்திருந்தால் படித்துவிடலாம் என்று நம்பியிருப்பாள்.

அவள் போன் அடித்தது. சந்திரிகா.

"ஜாஸ்மின், நீ தகவல் குடுத்தவ. அதனால ஒண்ணே ஒண்ணு உனக்குச் சொல்லலாம். அந்த மெசேஜைப் பாத்துட்டு ஒரு அம்மா கூப்பிட்டாங்க. எழுதினது அவங்க பொண்ணுதான். இப்ப பத்திரமா இருக்கு. அம்மா மடியில உக்காந்துக்கிட்டே அதிகாரிங்ககிட்ட பேசிடுச்சு."

"பேசிடுச்சா?"

"பேசிடுச்சு. பேரும் சொல்லிடுச்சு. நீ கேக்காத. நான் வெக்கறேன்."

போன் அணைந்தது. ஜாஸ்மின் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். அம்மா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். மாடிப்படியில் அப்பாவின் கால்கள் தெரிந்தன. பாதிப் படியில் நின்றுவிட்டன.

"யார் பேரு?" என்றான் ஆல்வின்.

"தெரியாது."

"உனக்குத் தெரியும்."

"சத்தியமாத் தெரியாதுடா."

அப்போது அவன் போன் அடித்தது. டீப்பாயின் மேல், நாலு பேருக்கும் நடுவில், அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பெயரில்லாத எண். லேண்ட்லைன், போலீஸ் ஸ்டேஷனாகத்தான் இருக்கும். விசாரிக்கவோ, சாட்சி கேட்கவோ, நாலு பேரையும் வரச் சொல்லவோ, ஒரே ஒருவனை வரச் சொல்லவோ.

மூன்றாவது முறையும் மணி அடித்தது.

"எடுக்காதடா," என்றது படியிலிருந்து அப்பாவின் குரல். "காலையில வக்கீலைக் கேட்டுட்டு எடுக்கலாம்."

ஆல்வின் அப்பாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"எடு," என்றாள் ஜாஸ்மின்.

அவன் எடுத்தான். "ஆல்வின்தான் பேசறேன்," என்றான். அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே இருந்தான்.